பாலவாக்கத்தில் ஒரே மேடை போடுங்கள்! மைக் நம் கையில் இருக்கட்டும்!

முதலில் ஆட்டோ வரும். அதன் தலையில் இரண்டு குழாய். "உங்கள் வீட்டுப் பிள்ளை, உங்களில் ஒருவர்..." என்று கத்திக்கொண்டே போகும். அது கடற்கரைப் பக்கம் திரும்புவதற்குள் அடுத்த கட்சி ஆட்டோ வந்துவிடும். அப்புறம் ஒருநாள் வேட்பாளரே வருவார். பட்டாசு, ஆரத்தித் தட்டு, கழுத்து நிறையத் துண்டு, கூப்பின கை கூப்பினபடி. கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து பதிலுக்கு ஒரு கும்பிடு போடுவார். அவ்வளவுதான், ஆள் அடுத்த தெருவில்!

அவரிடம் ஒரு கேள்வி கேட்க முடிந்ததா? "சார், நீங்க கவுன்சிலர் ஆனா எங்க தெரு மழைத் தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்று யாராவது வாயைத் திறந்தால், கூட வருகிற ஆள் முந்திக்கொள்கிறார். "எல்லாம் அண்ணன் பார்த்துக்குவார்!" அண்ணன் வாயே திறக்கவில்லை. ஆனால் ஓட்டு மட்டும் அண்ணனுக்கு!

சென்னை மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி 19ல் தேர்தல் நடந்தது. மார்ச் 2ல் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். அந்த ஐந்தாண்டுக் கணக்கு 2027 மார்ச்சோடு சரி. தேர்தல் எப்போது வந்தாலும் பாலவாக்கத்துக்காரர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்கிறோம். வார்டில் நிற்கிற அத்தனை வேட்பாளரையும் ஒரே மேடையில், ஒரே நேரத்தில், ஜனங்கள் முன்னால் உட்கார வையுங்கள். ஜனங்கள் கேட்கட்டும். அவர்கள் பதில் சொல்லட்டும். பட்டிமன்றம் என்றால் நள்ளிரவு வரைக்கும் உட்கார்ந்து கேட்கிற ஜனங்கள் நாம். நம் தெரு விவகாரத்துக்கு இரண்டு மணி நேரம் உட்கார மாட்டோமா?

கிராம சபை கண்ட ஊர்

இது பாலவாக்கத்துக்குப் புதுசு என்று சொல்லாதீர்கள். 2011 வரைக்கும் இது தனி ஊராட்சி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருஷத்துக்கு நாலு தடவை கிராம சபை. தலைவரை எதிரே வைத்துக்கொண்டு வரவு என்ன, செலவு என்ன என்று கேட்கிற உரிமை சாதாரண ஆளுக்கும் இருந்தது. கேட்டவர்கள் எத்தனை பேர், பதில் கிடைத்தது எத்தனை பேருக்கு என்பது வேறு கதை. உரிமை இருந்தது!

2011ல் 42 உள்ளாட்சிகளை ஒரேயடியாகச் சென்னையோடு சேர்த்தார்கள். 174 சதுர கிலோ மீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோ மீட்டர் ஆனது. 155 வார்டு 200 வார்டு ஆனது. பாலவாக்கம் பெருங்குடி மண்டலத்துக்குப் போனது. "சிட்டிக்குள்ள வந்துட்டோம்" என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. வீட்டு மனை விலையும் ஏறியது. ஆனால் கிராம சபை போச்சு!

அதோடு விட்டதா? 2011 அக்டோபரில் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதே மாதம் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பை ஐகோர்ட் ரத்து செய்தது. மறுபடி தேர்தல் வந்ததோ 2022ல். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் சென்னையில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. 2019 கோடையில் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்தோமே, அப்போது கவுன்சிலர் இல்லை. 2020ல் கொரோனாவில் தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்களே, அப்போதும் இல்லை. தனி அதிகாரி ராஜ்யம்தான். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

இப்படிப்பட்ட ஊருக்கு 2022ல் தேர்தல் வந்தபோது என்ன ஆயிற்று? சென்னை முழுக்கவே ஓட்டுப் பதிவு 44 சதவீதத்தைத் தொடவில்லை. படித்தவன் சோம்பேறி, சிட்டிக்காரன் சோம்பேறி என்று திட்டுவது சுலபம். யாருக்குப் போடுவது என்று தெரிந்தால்தானே வரிசையில் நிற்பான்? முகம் போஸ்டரில் பார்த்தது. பேர் ஆட்டோவில் கேட்டது. அதற்கு மேல் அந்த ஆளைப் பற்றி ஒரு வரி தெரியாது.

பட்டியல் எங்கே தயாராகிறது?

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தலுக்கு முன்னால் "பிரைமரி" என்று ஒன்று நடக்கிறது. தேர்தலுக்கு முந்தின தேர்தல். ஒரு கட்சியில் நாலு பேர், ஆறு பேர் "நான்தான் நிற்பேன்" என்று கிளம்புவார்கள். அவர்களில் கட்சியின் வேட்பாளர் யார் என்பதை மாநிலம் மாநிலமாக ஜனங்கள் ஓட்டுப் போட்டுப் பொறுக்குகிறார்கள். அதனால் மாசக் கணக்கில் ஒவ்வொரு ஊரிலும் மேடை, கேள்வி, பதில். பெரிய தேர்தல் வருவதற்குள் ஆளை உரித்துப் பார்த்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் அந்த வேலையைக் கட்சி ஆபீஸ் செய்துவிடுகிறது. மேலிடம் ராத்திரியில் பட்டியலை வெளியிடும். விடிந்தால் சுவரில் பேர். 2022 கணக்கைப் பாருங்கள். மனு வாபஸ் வாங்கக் கடைசி நாள் பிப்ரவரி 7. பிரசாரம் முடிந்தது 17. ஆக, களத்தில் யார் யார் என்று தெரிந்த பிறகு வாக்காளனுக்குக் கிடைத்தது பத்தே நாள்! பிரைமரி இருக்கிற ஊரைவிட, இல்லாத நம் ஊருக்குத்தான் ஒரே மேடை அவசரம்.

அமெரிக்காவை அப்படியே காப்பி அடிக்கச் சொல்லவில்லை. அங்கேயும் மேடை என்றால் சண்டைதான். அதில் ஒரு சண்டை நமக்குப் பாடம்.

1980 பிப்ரவரி 23. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நாஷுவா என்கிற ஊர். குடியரசுக் கட்சியின் பிரைமரிக்கு மூன்று நாள் பாக்கி. ரொனால்டு ரீகன், ஜார்ஜ் புஷ் இரண்டு பேரையும் மேடை ஏற்ற உள்ளூர் பத்திரிகை ஒன்று ஏற்பாடு செய்தது. மற்ற வேட்பாளர்கள் விடுவார்களா? "ரெண்டு பேருக்கு மட்டும் மேடை போட்டுக் கொடுத்தால் அது அவர்களுக்குக் கொடுத்த நன்கொடை மாதிரி" என்று புகார் போனது. தேர்தல் கமிஷனும் அதை ஒப்புக்கொண்டது. செலவை ரீகன் தரப்பு ஏற்றது. கூட்டத்தன்று ரீகன் மற்ற நாலு வேட்பாளரையும் கையோடு அழைத்து வந்துவிட்டார். பேச எழுந்தார். நடுவர் "மைக்கை நிறுத்து" என்றார். சினிமாவில் நடித்துப் பழகின ரீகன் சும்மா இருப்பாரா? "இந்த மைக்குக்குக் காசு கொடுப்பது நான்!" என்று ஒரு சத்தம் போட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. புஷ் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளில் ரீகன் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த வருஷமே ஜனாதிபதியாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அன்றைக்கு நாஷுவாக்காரர்கள் கேட்க வந்தது விலைவாசிக் கதையும் வேலைக் கதையும். கேட்டுவிட்டுப் போனதோ மைக் கதை!

மைக்குக்குக் காசு யார் கொடுக்கிறது?

பாலவாக்கத்தில் மேடை போடுகிறவர்கள் முதலில் தீர்க்க வேண்டியது இதைத்தான். மைக் செட், ஷாமியானா, நாற்காலி, சோடா எல்லாம் சேர்த்தால் பெரிய தொகை இல்லை. கடைக்கு நூறு, வீட்டுக்கு இருபது என்று வசூலித்தால் மிச்சமே வரும். அந்த இடத்தில்தான் ஒரு பெரிய மனுஷர் வருவார். "எதுக்குங்க சின்னச் சின்னதா வசூல்? மொத்தமும் நான் பாத்துக்கிறேன்" என்பார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். அவர் மைத்துனர் ஏதாவது ஒரு கட்சியில் வட்டச் செயலாளராக இருப்பார்! ஒருவர் காசில் மேடை போட்டால் அவர் ஆள் கடைசியில் பேசுவார், கூட்டம் கலையும்போது அவர் பேச்சு காதில் நிற்கும். கல்யாண மண்டபத்தை இனாமாகக் கொடுத்தாலும் இதே விசாரணை வேண்டும். வசூல் கணக்கை ஒரு தாளில் எழுதி மேடை ஓரத்திலேயே ஒட்டிவிடுங்கள். பேச்சு அடங்கிவிடும்.

அடுத்தது அழைப்பு. பெரிய கட்சி இரண்டு, மூன்றை மட்டும் கூப்பிட்டால் நாஷுவா கதைதான். பட்டியலில் பேர் இருக்கிற சுயேச்சை வரை அத்தனை பேருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் போக வேண்டும். பத்துப் பேர் வந்தால் பத்துப் பேருக்கும் மூன்று மூன்று நிமிஷம். மணி அடித்தால் நிறுத்த வேண்டும். மணி அடிக்கிறவர் இந்த வார்டில் ஓட்டு இல்லாதவராக இருப்பது நல்லது. பக்கத்து வார்டில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியரைக் கூட்டி வாருங்கள். பிள்ளைகளை அடக்கினவருக்கு இவர்களை அடக்கத் தெரியும்.

கேள்வியை மட்டும் வேட்பாளர் கையில் கொடுத்துவிடாதீர்கள். "என்ன கேப்பீங்கன்னு முன்னாடியே குடுத்துடுங்க, தயார் பண்ணிக்கிட்டு வரேன்" என்பார்கள். அமெரிக்காவில் பெண் வாக்காளர் சங்கம் என்று 1920ல் இருந்து ஓர் அமைப்பு இருக்கிறது. 1976, 1980, 1984 ஜனாதிபதி தேர்தல்களில் மேடை போட்டவர்கள் அவர்கள். 1988ல் இரண்டு பெரிய வேட்பாளரின் ஆட்களும் தங்களுக்குள் ரகசியமாக ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். கேள்வி கேட்பவர் யார், சபையில் யார் உட்காரலாம் என்பது வரை அவர்களே முடிவு செய்தார்கள். சங்கத்து அம்மாக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாக்காளரை ஏமாற்றுகிற வேலைக்குத் துணை போக மாட்டோம் என்று சொல்லி, மேடையே வேண்டாம் என்று விலகிவிட்டார்கள்! ஜனாதிபதி பதவிக்கு நிற்பவரிடமே அந்த முறுக்கு இருக்கலாம் என்றால், வார்டு வேட்பாளரிடம் நமக்கு இருக்கக் கூடாதா?

கேள்வியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்தில் ஒரு காலேஜ் பிள்ளையை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். "நீ லஞ்சம் வாங்கினவன்தானே" என்று திட்டுகிற சீட்டை ஒதுக்குங்கள். மற்றதை எல்லாம் குலுக்கி எடுத்து எல்லாருக்கும் பொதுவாகக் கேளுங்கள். டில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்து மாணவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். அங்கே மாணவர் சங்கத் தலைவர் தேர்தல் என்றால் ஓட்டுப் பதிவுக்கு முன்னால் ராத்திரி வேட்பாளர்கள் எல்லாரும் ஒரே மேடையில். ஒருத்தரை ஒருத்தர் கேட்பார்கள், கூட்டமும் கேட்கும். மேளம், கோஷம், கூச்சல் எல்லாம் உண்டு. பதில் சொல்லாமல் இறங்க முடியாது. இருபது வயசுப் பிள்ளைகள் நடத்துகிறதை நாம் நடத்த முடியாதா?

வருவார்களா?

"கூப்பிட்டா வந்துடுவாங்களாக்கும்!" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சிரிப்பது நமக்குக் கேட்கிறது. அவர் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. 2024 மே மாதம், முன்னாள் நீதிபதிகள் மதன் லோகூர், அஜித் ஷா, நம்மூர் பத்திரிகையாளர் என்.ராம் மூவரும் பிரதமர் மோடிக்கும் ராகுல் காந்திக்கும் கடிதம் எழுதினார்கள். இரண்டு பேரும் பொது விவாதத்துக்கு வாருங்கள் என்று. ராகுல் சம்மதம் சொன்னார். விவாதம் நடக்கவில்லை. இலங்கையில் 2019 ஜனாதிபதி தேர்தலின்போது மார்ச் 12 இயக்கம் கொழும்பில் வேட்பாளர்களை ஒரே மேடைக்கு அழைத்தது. கோத்தபய ராஜபக்சே போகவில்லை. ஜெயித்தது அவர்தான்! ஜெயிப்பவன் வர வேண்டிய அவசியம் இல்லை என்பது பெரிய தேர்தலின் கணக்கு.

வார்டுக் கணக்கு வேறு. நம் எம்.எல்.ஏ. தொகுதி சோழிங்கநல்லூர். 2021 தேர்தலில் ஆறரை லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். அதில் பாலவாக்கத்து மேடை கடலில் கரைத்த உப்பு. ஆனால் சென்னையில் ஒரு வார்டுக்குச் சராசரியாக 30 ஆயிரம் வாக்காளர்தான். 2022 மாதிரி பாதிக்கும் குறைவானவர்கள் ஓட்டுப் போட்டால் பெட்டிக்கு வருவது பதின்மூன்று ஆயிரம். அதையும் ஐந்தாறு பேர் பிரித்துக்கொள்கிறார்கள். முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தை அலட்சியம் செய்கிற தைரியம் வார்டு வேட்பாளருக்கு வராது. "எதிராளி வரேன்னு சொல்லிட்டார்" என்று ஒரு வார்த்தை காதில் போடுங்கள். இவர் அரை மணி முன்னாடியே வந்து உட்காருவார்!

அப்படியும் வராதவர் நாற்காலி காலியாகவே இருக்கட்டும். பேர் எழுதின அட்டை போதும். கிண்டல் வேண்டாம், செருப்பு மாலை வேண்டாம். அவர் மனுவோடு கொடுத்திருக்கிற உறுதிமொழிப் பத்திரத்தை நடுவர் நிதானமாகப் படித்தால் போதும். வழக்கு, சொத்து, படிப்பு எல்லாம் அதில் இருக்கும். வேட்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று சுப்ரீம் கோர்ட் 2002ல் சொன்னதில் இருந்து வந்த பத்திரம் அது. வந்தவர்களுடையதையும் படிக்க வேண்டும். பாரபட்சம் கூடாது.

எந்த நேரம்? எந்த இடம்?

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். கூட்டம் யாருடையது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. கிளார்க்குக்கு ஏழு மணிக்கு வைத்தால் சௌகரியம். திருவான்மியூரில் பஸ் மாறி வீட்டுக்கு வந்து, முகம் கழுவி வரலாம். அந்த நேரம் கடைக்காரருக்கு வியாபார நேரம். குப்பத்தில் விடியுமுன்னே கடலுக்குப் போகிறவர்கள் எட்டு மணிக்குப் படுத்துவிடுவார்கள். ஞாயிறு காலை என்றால் மீன் விற்கிற அம்மாக்கள் வர முடியாது. ஞாயிறு சாயங்காலம் நாலு மணி ஓரளவுக்கு எல்லாருக்கும் ஒத்துவரும்.

இடமும் அப்படித்தான். ஈ.சி.ஆருக்குக் கிழக்கே ஒரு பாலவாக்கம், மேற்கே பக்கிங்காம் கால்வாய் வரை ஒரு பாலவாக்கம். லேஅவுட் பங்களா இருக்கிற தெருவும் குப்பமும் ஒரே ஊர்தான், ஆனால் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தது எப்போது? ஏசி ஹாலில் வைத்தால் குப்பத்துக்காரர் வாசலோடு திரும்பிவிடுவார். கடற்கரையை ஒட்டித் திறந்த வெளியில் போடுங்கள். கார் வைத்திருக்கிறவர் மணலில் நடந்து வரட்டும், ஒன்றும் ஆகிவிடாது!

போலீஸ் அனுமதியும் ஒலிபெருக்கி அனுமதியும் தேர்தல் நேரத்தில் சுலபத்தில் நகராது. மனு வாபஸ் ஆன பிறகு எழுதிக்கொண்டு ஓடினால் பத்து நாளில் ஆறு நாள் ஸ்டேஷன் வாசலிலேயே போய்விடும். இடம், நடுவர், வசூல், கேள்விச் சீட்டு எல்லாம் அறிவிப்பு வருவதற்கு முன்பே தயாராக வேண்டும். வேட்பாளர் பேர் மட்டும்தான் பாக்கி என்கிற நிலைமை இருக்க வேண்டும்.

தப்பிக்க முடியாத கேள்வி

கடைசியாக, கேள்வியைப் பற்றி. பாலவாக்கத்தில் யாரைக் கேட்டாலும் முதல் குறை ஈ.சி.ஆர். ரோடு அகலப்படுத்துகிற வேலைதான். திருவான்மியூரில் இருந்து அக்கரை வரைக்கும் நிலம் எடுப்பு, வழக்கு, தோண்டல் என்று வருஷக் கணக்கில் பார்த்தாகிவிட்டது. ஆனால் அதைக் கவுன்சிலர் வேட்பாளரிடம் கேட்டால் அவருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி! அது மாநகராட்சி ரோடே இல்லை. "மேலிடத்தில் பேசி முடித்துத் தருவேன்" என்று கை தட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். குடிதண்ணீர், பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துக் கையில். நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்க 2013ல் ஓர் ஆலை, 2024ல் இன்னொரு ஆலை. நம் வழியாகவே குழாய் போகிறது என்று எந்த வேட்பாளரும் பெருமை பேசலாம். குப்பத்துப் பட்டாவோ வருவாய்த் துறைக் கையில்.

கவுன்சிலர் கையில் இருப்பதைக் கேளுங்கள். உள் தெரு ரோடு, தெரு விளக்கு, மழைநீர் வடிகால், பூங்கா, மாநகராட்சிப் பள்ளி. குப்பை அள்ளுகிற வேலையை 2020ல் தனியாருக்குக் கொடுத்தார்களே, வண்டி வராத நாளைக்கு அபராதம் போடச் சொல்வாரா? வடிகாலும் சாதாரண விஷயம் இல்லை. நம் மண் கடல் மணல். பெய்கிற மழையைக் குடித்து நிலத்தடித் தண்ணீராக்குவது அந்த மணல்தான். இங்கே கான்கிரீட் கால்வாய் வெட்டி மழைத் தண்ணீரைக் கடத்தினால் கிணற்றில் உப்பு ஏறும் என்று ஈ.சி.ஆர். பக்கத்து ஜனங்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனார்கள். தேங்கினால் கொசு, வடிந்தால் உப்புத் தண்ணீர். இதில் அவர் எந்தப் பக்கம்? "ரெண்டு பக்கமும் நல்லது செய்வேன்" என்றால் மணியை அடித்து, மறுபடி கேளுங்கள்.

இன்னொரு சீட்டும் பெட்டியில் விழ வேண்டும். கிராம சபை போன பதினோரு வருஷம் கழித்து, 2022 நவம்பர் 1ல் தமிழ்நாட்டு நகரங்களில் ஏரியா சபை ஆரம்பித்தது. முதலமைச்சர் ஸ்டாலினே பம்மலில் உட்கார்ந்து ஜனங்கள் சொன்னதைக் கேட்டார். வார்டைப் பல பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் கவுன்சிலர் தலைமையில் ஜனங்கள் கூடிப் பேசுவதுதான் ஏற்பாடு. அதனால் அந்தச் சீட்டில் இப்படி எழுதிப் போடுங்கள்: "ஐயா, அம்மா, நீங்கள் ஜெயித்தால் பாலவாக்கத்தில் முதல் ஏரியா சபையை எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தத் தெருவில் கூட்டுவீர்கள்? இப்போதே சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம்."